சட்டியில் வாழும் மரம்



சில ஆண்டுகளுக்கு முன்பு வகுப்பறையிலே யப்பான் நாட்டு வரலாற்றைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். முதிர்ந்த பைன் மரமொன்று முழங்கை உயரத்தில், சிறியதொரு சட்டியிலே நிற்கும் படத்தை மாணவருக்குக் காட்டினேன். பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, வானளாவ வளரவேண்டிய மரத்தைச் சட்டிக்குள் அடைத்து வைப்பது கொடுமை அல்லவா?" என்று கேட்டான். அதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று நான் கூறாது விட்ட விடையை, வரலாற்றின் துணைகொண்டு இன்று கூற முயல்கின்றேன்.

யப்பானியர் இக்கலையைப் 'போன்சாய்' என்பர். தட்டில் நட்டது என்பதே அச்சொல்லின் பொருள். ஆயினும் இக்கலையின் தாயகம் சீனமே. சியான் நகருக்கு வடமேற்கே, கி.பி. 706ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற தாங் மரபு இளவரசர் ஒருவரின் கல்லறைச் சுவரிலே, சிறு செடிகளும் கற்களும் வைத்த தட்டினை ஏந்தி நிற்கும் பணியாளரின் ஓவியம் உண்டு. பௌத்த சமயமும் சீன எழுத்தும் கடல் கடந்து யப்பானை அடைந்தது போலவே இக்கலையும் அடைந்தது. அந்நாட்டிலே 1309ஆம் ஆண்டில் வரையப்பெற்ற கசுகா ஆலய ஓவியச் சுருளிலே சட்டி மரங்களைத் தெளிவாகக் காணலாம்.

இம்மரங்கள் தனி இனத்தவை அல்ல. அவற்றைச் சிறிதாக வைத்திருப்பது மனிதனின் கை. நம் மலைநாட்டுத் தேயிலையை நினைத்துப் பாருங்கள். வெட்டாது விட்டால் அது மரமாக ஓங்கும். கத்தரித்துக்கொண்டே வருவதால் இடுப்பளவில் நிற்கின்றது. சட்டி மரத்தின் கதையும் ஏறக்குறைய இதுவேயாம்.

எளியதோர் எடுத்துக்காட்டு, யப்பானியர் 'போக்கே' என்றும் ஆங்கிலேயர் பூக்கும் குவின்ஸ் என்றும் கூறும் செடி. அப்பிள், பேரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த இம்முட்செடி, குளிர்காலம் விடைபெறும் வேளையில், இலை தோன்றுமுன்பே வெறுங்கொம்பிலே செந்நிற, வெண்ணிற மலர்களைத் தாங்கும். இதன் பெயரிலேயே ஒரு வரலாற்றுப் பிழை உண்டு. யப்பானிற் கண்ட செடியை சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் துன்பேர்க் 1784இல் நூலில் விவரித்தார். 1796இல் சேர் யோசப் பாங்க்ஸ் கியூ பூங்காவுக்குக் கொணர்வித்த செடியையும் அதுவே எனக் கருதி, ஆங்கிலேயர் 'யப்போனிக்கா' என்று அழைத்தனர். உண்மையிலே அது சீனத்துச் செடி.

நாற்றுப் பண்ணையில் வாங்கிய சாதாரணக் குவின்ஸ் கன்றும் பயிற்சியினாற் போன்சாய் ஆகும். அதன் அடியிலிருந்து புதுத் தளிர்கள் இடைவிடாது கிளம்பும். அவற்றுள் மூன்றையோ ஐந்தையோ தண்டுகளாக நிறுத்தி, எஞ்சியவற்றை அவ்வப்போது களைதல் வேண்டும். களையாவிடில் எத்தண்டும் பருக்காது. இளங்கொம்பிலே கம்பி சுற்றி மெல்ல வளைப்பர். முதிர்ந்த கொம்போ முறிந்துவிடும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் முன்னோர் கேட்டது இங்கே எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். முதிர்ந்த கொம்பிலேயே பூ அரும்புவதால், மலர்ந்து முடிந்த பின்பே கத்தரிப்பர். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சட்டியினின்று எடுத்து, வேரை அளவாக நறுக்கி, புதுமண் இடுவர். குவின்சின் வேரிலே கழலை நோய் பற்றக்கூடும் ஆதலின், இதனை இளவேனிலிற் செய்யாது இலையுதிர் காலத்திற் செய்வதே யப்பானியர் வழக்கம்.

இதிலே பட்டினி போடுதல் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கொம்பைக் குறைத்தவன் வேரையும் குறைக்கின்றான். உரமும் நீரும் தவறாது இடுகின்றான். கோடையிலே ஒரு நாள் நீர் ஊற்ற மறந்தால், பல்லாண்டு உழைப்பு அன்றே வாடிவிடும். கட்டுண்டது மரமா, மனிதனா என்ற ஐயம் இவ்விடத்திலே எழுகின்றது.

இவ்வையத்தைப் பழைய யப்பானியரும் எண்ணிப் பார்த்தனர் போலும். 'ஹச்சி நோ கி', அதாவது 'சட்டி மரங்கள்' என்ற நோ நாடகத்தின் கதையைக் கேளுங்கள். சுற்றத்தாரின் சூழ்ச்சியால் நிலமிழந்து வறுமையுற்ற வீரன் ஒருவன். பனி கொட்டும் இரவொன்றிலே துறவி ஒருவர் அவன் குடிசைக்கு வந்தார். அவருக்குக் குளிர்காய விறகில்லை. செல்வம் போனபோதும் விடாது காத்த பிளம், செர்ரி, பைன் என்னும் மூன்று சட்டி மரங்களையும் அவன் வெட்டி எரித்தான். வந்தவரோ துறவிக் கோலம் பூண்ட முன்னாள் ஆட்சித் தலைவர் ஹோஜோ தொக்கியோரி. பின்னர் அவர் அவனை அழைத்து, அம்மரங்களின் பெயர் கொண்ட மூன்று ஊர்களை அவனுக்கு அளித்தார். மரத்தைப் பேணுவதினும் மனிதனைப் பேணுவது பெரிது என்பதை, மரத்தைப் பேணியவனே உணர்ந்திருந்தான்.

பிற்காலத்தில் இக்கலைக்கு நேர்ந்த இடர்கள் பல. 1923ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கம் டோக்கியோவை அழித்தபோது, அங்கிருந்த போன்சாய் வளர்ப்போர் நல்ல மண்ணும் நீரும் தேடி வடக்கே ஓமியாவுக்குச் சென்று, 1925இல் ஒரு கிராமத்தையே அமைத்தனர். அங்கே குடியேறுவோர் குறைந்தது பத்து மரங்களேனும் வைத்திருக்க வேண்டும். மாடி வீடு கட்டலாகாது. வாயில் எவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று விதி வகுத்தனர்.

அதன்பின் போர் வந்தது. 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோசிமாவின் மீது அணுகுண்டு வீழ்ந்தது. அவ்விடத்திலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தொலைவிலே யமக்கி குடும்பத்தாரின் போன்சாய்த் தோட்டம் இருந்தது. வீட்டின் கண்ணாடிகள் சிதறின. உயர்ந்த மதிலின் மறைவில் நின்ற வெண்பைன் மரம் ஒன்று பிழைத்தது. 1625ஆம் ஆண்டு தொடக்கம் பயிற்றப்பட்டு வந்த மரம் அது. 1976இல், ஐக்கிய அமெரிக்கா தன் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடியபோது, யப்பான் ஐம்பத்து மூன்று போன்சாய்களை அந்நாட்டுக்கு அன்பளிப்பாக அனுப்பியது. அவற்றுள் இம்மரமும் ஒன்று. கொடுத்த மசாரு யமக்கி மரத்தின் கதையைப் பறைசாற்றவில்லை. 2001இல் அவருடைய பேரப்பிள்ளைகள் வாஷிங்டனுக்குச் சென்று மரத்தைக் கண்டபோதே, அது குண்டுக்குத் தப்பியது என்பதை அங்குள்ளோர் அறிந்தனர்.

குண்டு வீசிய நாட்டுக்கு, குண்டுக்குத் தப்பிய மரத்தைக் கொடுத்து, அதைச் சொல்லாமலும் இருந்தவரின் உள்ளம் எத்தகையது! அம்மரம் மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்ததாயின், தாம் நடாத மரத்துக்கு நாள்தோறும் நீர் ஊற்றியோர் தலைமுறை தலைமுறையாக இருந்தனர் என்பது தெளிவு. அவருட் பலரின் பெயரையும் நாம் அறியோம்.

என் மாணவனுக்கு இப்போது விடை கூறலாம். தம்பி, அடைத்துவிட்டு மறந்துபோவதே கொடுமை. போன்சாய் வளர்ப்பவனால் மறக்க முடியாது. சட்டிக்குள் மரம் நிற்கின்றது. மரத்தின் அருகே மனிதன் நிற்கின்றான். தன் காலம் முடியுமுன் தன் இடத்தில் நிற்க இன்னொருவனைப் பழக்குகின்றான். வகுப்பறையிலே நாம் செய்வதும் இதுவே அன்றோ?