டோட்டோ

சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவனம் நடத்தும் எண் குலுக்கு. 1 முதல் 49 வரை உள்ள எண்களில் ஆறைத் தேர்ந்து ஒரு வெள்ளி கட்ட வேண்டும். வழக்கமாகத் திங்கள், வியாழன் மாலை 6.30க்குக் குலுக்குவார்கள்.

சிங்கப்பூரில் சூதாட்டம் தொடங்கிய காலத்திலிருந்தே அரசு அதை அணைப்பதும் தள்ளுவதுமாக இருந்துள்ளது. முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஃபார்க்குவார் 1820இல் சூதாட்டக் குத்தகை விட்டார். 1823இல் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் தடுத்தார். அடுத்த ரெசிடென்டாக வந்த கிராஃபர்டு திரும்பத் திறந்தார். 1829இல் குத்தகை ஒழிந்தது. சூது ஒழியவில்லை. பன்னிரண்டு எண்களில் ஒன்றின்மேல் பணம் வைக்கும் 'சாப் ஜி கீ' திருட்டுத்தனமாக வீடுவீடாகப் பரவியது. இல்லத்தரசிகளே அதன் பெரும் வாடிக்கையாளர்கள் என்பர். ஜப்பானியர் ஆட்சியில் அரசே பரிசுச்சீட்டு விற்றது.

குதிரைப் பந்தயம் மட்டும் மதிப்போடு நடந்தது. 1842இல் தொடங்கிய பந்தயச் சங்கம் ஃபேரர் பார்க்கில், இன்றைய தேக்காவை ஒட்டி, திடல் அமைத்தது. திடல் 1933இல் புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டது. ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் தங்கிவிட்டது. இன்று அங்கே போகிறவர்கள் தேடுவது வாழையிலையில் மீன்தலைக் கறியை.

இச்சங்கத்தின் வழிவந்த டர்ஃப் கிளப் 1966இல் 'ஃபோர்-டி' எனும் நான்கிலக்க ஆட்டத்தைத் தொடங்கியது. 1951இல் கெடாவில் ஒரு மாணவன் தன் சைக்கிளைப் பரிசாக வைத்து எண் சீட்டு விற்றதே இதன் மூலம் எனப் பரவலாகச் சொல்லப்படுகிறது. கதையாகவே கொள்ளத் தக்கது.

கள்ளச் சூதாட்டத்துக்கு மாற்றாக 1968 மே 23 அன்று சிங்கப்பூர் பூல்ஸ் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு ஜூன் 9 அன்று டோட்டோ வந்தது. 1969இல் 'சிங்கப்பூர் ஸ்வீப்' எனும் பரிசுச்சீட்டு சேர்ந்தது. இவை ஈட்டிய பணம் போன இடம் கண்ணுக்குத் தெரிந்தது. காலாங்கில் எழுந்த தேசிய விளையாட்டரங்கின் செலவில் ஒரு பகுதியை இக்குலுக்குகள் ஈட்டிக் கொடுத்தன. 1973 ஜூலை 21 அன்று லீ குவான் இயூ அதைத் திறந்துவைத்தார். செப்டம்பரில் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகள் அங்கே நடந்தன. ஏறத்தாழ 55,000 பேர் அமரக்கூடிய அரங்கு. பந்து வலைக்குள் போனால் எழுந்த கூச்சலுக்கே 'காலாங் முழக்கம்' என்று தனிப்பெயர் உண்டு. பரிசு விழாத சீட்டுக்காரருக்கும் அந்தப் படிக்கட்டில் ஒரு கைப்பிடிச் சிமெண்ட் சொந்தம் எனலாம். 2010இல் இடிக்கத் தொடங்கினார்கள். அங்கேயே 2014இல் புதிய அரங்கு திறந்தது.

அதே 2014 அக்டோபரில் எண்களின் எல்லை 45இலிருந்து 49 ஆனது. ஆறும் பொருந்தும் வாய்ப்பு 1,39,83,816இல் ஒன்றாகச் சுருங்கியது. தீவிலுள்ள ஒவ்வொருவருக்கும் இரண்டு வெவ்வேறு சீட்டுகளைக் கொடுத்தாலும் வாங்கப்படாத சேர்க்கைகள் மிஞ்சும். கட்டும் வெள்ளியில் 54 காசு பரிசுத் தொகுப்புக்குப் போகிறது. அதில் 38 விழுக்காடு ஆறும் பொருந்தியவருக்கான முதல் பரிசு. யாருக்கும் விழாவிட்டால் தொகை அடுத்த குலுக்கோடு சேரும். நான்காவதிலும் ஆளில்லையென்றால் அடுத்த நிலை வென்றவர்களுக்கு இறங்கும். ஏழு எண் குறித்து அவற்றின் எல்லா ஆறெண் சேர்க்கைகளையும் வாங்கும் 'சிஸ்டம் 7' ஏழு வெள்ளி. பன்னிரண்டு குறித்தால் 924 வெள்ளி. சீனப் புத்தாண்டையொட்டிய ஹோங்பாவ் குலுக்கில் முதல் பரிசு கோடி வெள்ளியைத் தாண்டும்.

பரிசுக்கு வருமான வரி இல்லை. பலர் வென்றால் தொகை பங்காகும். வென்றவர் பெயரை நிறுவனம் வெளியிடுவதில்லை. சீட்டு விற்ற கடையின் பெயரும், எண்ணை ஆள் குறித்தாரா இயந்திரம் குறித்ததா என்பதும் மட்டும் வெளிவரும். அது போதும்: அடுத்த பெரிய குலுக்கில் அந்தக் கடை வாசலில் வரிசை நீளும்.

2004 முதல் நிறுவனம் அரசு அமைப்பான டோட் வாரியத்தின் உடைமை. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் ஏப்ரல் முதல் ஜூன் வரை குலுக்கு நின்றது. 2022இல் புதிய சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2024 அக்டோபர் 5 அன்று சிங்கப்பூரின் கடைசிக் குதிரைப் பந்தயம், திடல் பின்னர் மாறிய கிராஞ்சியில் ஓடி முடிந்தது.

180 நாளுக்குள் கேட்டு வாங்காத பரிசு டோட் வாரியத்தின் அறப்பணிகளுக்குப் போய்விடும்.