வாஃபிள் அச்சுக்கு முந்தைய ஏழு ஆண்டுகள்: நைக்கி நிறுவனத்தின் தோற்றம்

நைக்கி நிறுவனத்தின் பிறப்பை விவரிப்போர் பெரும்பாலும் ஒரு சமையலறையிலிருந்து தொடங்குகிறார்கள். 1971-இல் ஓரிகன் பல்கலைக்கழகத் தடகளப் பயிற்சியாளர் பில் பவர்மன், மனைவியின் வாஃபிள் அச்சில் யூரித்தேனை ஊற்றி, சதுரப் புடைப்புகள் கொண்ட ஷூ அடிப்பாகம் ஒன்றை வார்க்க முயன்றார். அச்சு பாழானது, யோசனை பிழைத்தது. அது நடந்த நிகழ்ச்சிதான். ஆனால் அதையே தொடக்கமாக வைத்தால் காலக்கணக்கு இடறுகிறது. ப்ளூ ரிப்பன் ஸ்போர்ட்ஸ் என்ற பெயரில் அந்த நிறுவனம் அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே ஜப்பானிய ஷூக்களை இறக்குமதி செய்து விற்கத் தொடங்கிவிட்டது. பிறருடைய ஆலையையும் பிறருடைய கடனையும் ஓட்டக்காரர்களின் தேவையோடு இணைத்த ஒரு வணிக ஏற்பாடாகவே நைக்கி தோன்றியது. கண்டுபிடிப்பு அந்த ஏற்பாட்டின் மேல் பின்னர் வந்து அமர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் சான்று, நிறுவனம் உருவாவதற்கு முன்பே எழுதப்பட்டது. பவர்மனிடம் பயிற்சி பெற்ற நடுத்தொலைவு ஓட்டக்காரர் ஃபில் நைட், ஸ்டான்ஃபோர்டில் வணிக மேலாண்மை படித்தபோது ஒரு வகுப்புக் கட்டுரை எழுதினார். ஜெர்மன் கேமராக்களின் சந்தையை ஜப்பானியக் கேமராக்கள் பிடித்ததுபோல, ஜெர்மன் விளையாட்டு ஷூக்களின் சந்தையை ஜப்பானிய ஷூக்கள் பிடிக்க முடியுமா என்பது அதன் கேள்வி. இது முழுக்க விலை, கூலி, சந்தை பற்றிய கேள்வி. ஷூவின் வடிவமைப்பு அதில் மையமாக இல்லை. 1962-இன் இறுதியில் அவர் கோபே நகருக்குச் சென்று, கிஹாச்சிரோ ஒனிட்சுகா 1949-இல் தொடங்கிய நிறுவனத்தாரைச் சந்தித்து, அப்போது இல்லாத ஒரு நிறுவனத்தின் பிரதிநிதியாகத் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். 1964 ஜனவரியில் நைட்டும் பவர்மனும் ஆளுக்கு 500 டாலர் போட்டுக் கூட்டாளிகளானார்கள். முதல் கொள்முதல் ஒனிட்சுகாவின் 300 ஜோடி டைகர் ஷூக்கள். அந்த ஆண்டின் விற்பனை சுமார் 8,000 டாலர். சொந்த ஆலையோ சொந்த வடிவமைப்போ காப்புரிமையோ இல்லாமல்தான் வணிகம் நடக்கத் தொடங்கியது.

இதற்கு எழக்கூடிய வலுவான மறுப்பு பவர்மனைச் சுட்டுவது. அவர் 1950-களிலிருந்தே ஷூக்களைப் பிரித்து, எடை குறைத்து, மாணவர்களின் காலில் சோதித்தவர். ஆகவே கண்டுபிடிப்பு இறக்குமதிக்கும் முந்தியது என்பார்கள். உண்மைதான். ஆனால் அவருடைய யோசனைகளை அமெரிக்க ஷூ நிறுவனங்கள் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒனிட்சுகாவின் உறவு கிடைத்த பிறகே அவை சந்தைக்குரிய பொருளாயின. குதிகாலிலிருந்து விரல் நுனிவரை மெத்தையடுக்கு வைத்த கார்ட்டெஸ் ஷூ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. யோசனை ஓரிகனில் பிறந்தது. மாதிரியும் உற்பத்தியும் ஜப்பானில் நடந்தன. 1972-இல் உறவு முறிந்து வழக்கு போர்ட்லண்ட் நீதிமன்றத்துக்குப் போனபோது, 1974-இல் வந்த தீர்ப்பு அந்த ஷூவை இரு தரப்பும் விற்கலாம் என்றது. கார்ட்டெஸ் என்ற பெயர் மட்டும் ப்ளூ ரிப்பனுக்கு. ஒனிட்சுகா அதே ஷூவை கார்சேர் என்று விற்றது. சமையலறைக் கதையைவிட இந்தத் தீர்ப்பே தொடக்க கால உண்மைக்கு நெருக்கமான ஆவணம் என்பேன். பொருளைப் பங்கிட முடிந்தது; அமெரிக்க நிறுவனத்துக்கென்று தனியாக மிஞ்சியது பெயர்.

இறக்குமதியாளர்கள் பலர் இருந்தும் இவர்கள் மட்டும் ஏன் வளர்ந்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1965-இல் முதல் முழுநேர ஊழியராகச் சேர்ந்த ஜெஃப் ஜான்சன், வாங்கியவர்களோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொண்டு, அவர்களின் கால் அளவையும் குறைகளையும் குறித்துவைத்தார். அந்தத் தகவல் பவர்மன் வழியாக ஆலைக்குத் திரும்பியது. பவர்மன் 1967-இல் இதயநோய் மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து மெல்லோட்டம் பற்றி எழுதிய நூல், ஷூ வாங்கப்போகும் ஒரு புதிய கூட்டத்தையே உருவாக்க உதவியது. ஆக, இவர்களின் தனித்தன்மை வாடிக்கையாளரை அறிந்ததில் இருந்தது. வாதத்தை இது திருத்துகிறது, குலைக்கவில்லை.

பெரும்பாலான வரலாறுகள் ஒரு வரியில் கடந்துபோகும் இடம் கடன். விற்பனை ஆண்டுக்காண்டு பெருகியபோது, கையிருப்பு மூலதனம் இல்லாத நிறுவனத்துக்குக் கடனைக் கூட்டித்தர உள்ளூர் வங்கி தயங்கியது. கப்பலில் சரக்கு வரும்வரை பணம் முடங்கிக் கிடக்கும் தொழில் இது. 1971-இல் அந்த இடைவெளியை அடைத்தது ஜப்பானிய வணிகக் குழுமமான நிஷோ இவாய். ஆலைக்குப் பணம் கொடுப்பதை அது ஏற்றுக்கொண்டது. ப்ளூ ரிப்பன் பின்னர் அதற்குச் செலுத்தியது. ஒனிட்சுகாவை விட்டு விலகும் துணிவும், நிப்பான் ரப்பர் போன்ற வேறு ஆலைகளில் நைக்கி என்ற பெயரில் ஷூ செய்விக்கும் வசதியும் இந்த ஏற்பாட்டிலிருந்தே வந்தன. அதே ஆண்டில் கேரலின் டேவிட்சன் என்ற மாணவி 35 டாலருக்கு வரைந்த சின்னம் இன்று உலகறிந்தது. அதை ஷூவில் தைத்துக் கப்பலேற்றப் பணம் கொடுத்தவர்களை எவரும் நினைப்பதில்லை. 1975-இல் வங்கி கைவிட்டபோதும் கடனை அடைத்து நிறுவனத்தைக் காப்பாற்றியது நிஷோதான். ஒரு டாலருக்கு 360 யென் என்ற நிலையான மாற்று விகிதம் 1971-இல் முடிவுக்கு வந்தபின் ஜப்பானியக் கூலியின் மலிவு கரைந்தது. நிறுவனம் தைவானையும் தென்கொரியாவையும் நாடியது. ஆலை மாறியது, ஏற்பாடு மாறவில்லை. நியூ ஹாம்ப்ஷயரின் எக்ஸட்டரில் 1974-இல் சொந்த ஆலை தொடங்கியதை எதிர்ச்சான்றாகக் காட்டலாம். ஆனால் உற்பத்தியின் பெரும்பகுதி என்றும் அங்கே நடக்கவில்லை.

வாஃபிள் அடிப்பாகத்தின் சிறப்பை இதனால் மறுக்க வேண்டியதில்லை. 1974-இல் வந்த வாஃபிள் டிரெய்னர் ஏராளமாக விற்றது; நிறுவனத்தைப் பெரிதாக்கியதில் அதற்குப் பங்குண்டு. தொடங்கியதையும் பெரிதானதையும் ஒன்றாகக் குழைப்பதுதான் பிழை. கண்டுபிடிப்பாளர் கதை நிறுவனத்துக்கும் வசதியாக அமைகிறது: தொழிலாளர், தரகு, அயல்நாட்டுக் கடன் எல்லாம் அதில் மறைந்துவிடுகின்றன. நைட்டின் 2016-ஆம் ஆண்டு நினைவுநூல் இந்த மறைப்பை ஓரளவு விலக்குகிறது. எனினும் அது வென்றவர் எழுதியது என்பதை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும். வாஃபிள் அடிப்பாகத்துக்கான பவர்மனின் காப்புரிமை விண்ணப்பம் 1972-இல் தாக்கலாகி 1974-இல் ஏற்கப்பட்டது. முதல் 300 ஜோடி ஷூக்கள் வாங்கப்பட்டது 1964-இல்.