வாசித்தவர் வரைந்த அட்டை: பழைய அறிவியல் புனைகதை முகப்புகளும் ரசிகர் மறுவடிவங்களும்

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 1950 முதல் 1980 வரை வெளிவந்த மலிவு விலை அறிவியல் புனைகதை நூல்களுக்கு, அந்நூல்களின் வாசகர்கள் இன்று புதிய மேலட்டைகளை வரைந்து வருகிறார்கள். யாரும் கேட்காமல், ஊதியமின்றி, பெரும்பாலும் பதிப்பாளரின் ஒப்புதலுமின்றிச் செய்யப்படும் வேலை இது. வடிவமைப்பின் பக்கமிருந்து பார்ப்பவர்கள் இதைப் பழமை மீதான ஏக்கம் என்று ஒதுக்கிவிடுவதுண்டு. ரசிகர் பண்பாட்டின் பக்கமிருந்து பார்ப்பவர்கள் பங்கேற்பின் கொண்டாட்டம் என்று அணைத்துக்கொள்வதுண்டு. வரையப்பட்ட அட்டையை இரு தரப்பினரும் உற்றுப் பார்ப்பதில்லை. ரசிகரின் மறுவடிவம் நூலைப் பற்றிய ஒரு விமர்சனம் என்பதும், அது நூலை எவ்வளவு ஆழமாக வாசித்திருக்கிறது என்பதைக் கொண்டே அதை எடைபோட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம். இந்த அளவுகோலை ஏற்றால், பெரிதும் புகழப்பட்ட பல மறுவடிவங்கள் தேறாமல் போகும்.

முதலில், பழைய அட்டைகள் எப்படிப் பிறந்தன என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1939இல் பாக்கெட் புக்ஸ் நிறுவனம் 25 சென்ட் விலையில் நூல்களை வெளியிடத் தொடங்கியபோது, அவை புத்தகக் கடைகளை மட்டும் நம்பவில்லை. மருந்துக் கடைகளிலும் ரயில் நிலையங்களிலும் பத்திரிகைகளோடு சேர்ந்து கம்பித் தாங்கிகளில் நின்றன. கடந்துபோகிறவரை ஒரு கணம் நிறுத்துவதே அட்டையின் வேலை. 1952இல் தொடங்கிய ஏஸ் புக்ஸ், டொனால்ட் வோல்ஹைம் என்ற பதிப்பாசிரியரின் கீழ் இந்த வணிகத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனது. இரண்டு நாவல்களை ஒன்றுக்கொன்று தலைகீழாகச் சேர்த்து ஒரே நூலாக 35 சென்ட்டுக்கு விற்றார்கள். அந்நூலுக்குப் பின்னட்டையே கிடையாது; இரு பக்கமும் முன்னட்டைதான். ஃபிலிப் கே. டிக்கின் முதல் நாவலான 'சோலார் லாட்டரி' 1955இல் லீ பிராக்கெட்டின் நாவலோடு இப்படித்தான் வெளிவந்தது. ஆண்ட்ரே நார்ட்டன் 1952இல் எழுதிய 'ஸ்டார் மேன்ஸ் சன்' ஏஸ் பதிப்பில் 'டேபிரேக் – 2250 ஏ.டி.' ஆயிற்று. விற்பனைக்காகத் தலைப்பையே மாற்றிய ஒரு தொழில், ஓவியர் நாவலைப் படித்தாரா என்று கவலைப்பட்டிருக்க வாய்ப்பில்லை. 1970களில் பிரிட்டனின் பாந்தர் பதிப்புகளுக்குப் பிரம்மாண்டமான விண்கலங்களை வரைந்த கிறிஸ் ஃபாஸின் அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவை அழகானவை. ஆனால் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' வரிசை பேரரசின் வீழ்ச்சியையும் அரசியல் பேச்சுவார்த்தைகளையும் பற்றியது. அட்டையோ கலத்தின் பளபளப்பைக் காட்டுகிறது.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் மிக முக்கியமானவர் ரிச்சர்ட் பவர்ஸ். 1952இல் இயன், பெட்டி பாலன்டைன் தம்பதியர் தொடங்கிய நிறுவனத்துக்காக, 1953இல் ஆர்தர் கிளார்க்கின் 'சைல்ட்ஹுட்ஸ் எண்ட்' நாவலுக்கு அவர் அட்டை வரைந்தார். ராக்கெட்டும் அரக்கனும் அலறும் பெண்ணும் இல்லாமலே அறிவியல் புனைகதையை விற்க முடியும் என்று அவருடைய மிகையதார்த்த வடிவங்கள் காட்டின.

ஒரே நூலின் மூன்று அட்டைகளை அருகருகே வைத்தால் என் வாதம் தெளிவாகும். ஜே.ஜி. பாலார்டின் 'த டிரவுண்ட் வேர்ல்ட்' 1962இல் அமெரிக்காவில் பெர்க்லி பதிப்பாக வந்தபோது அதன் அட்டையை வரைந்தவர் பவர்ஸ். 1965இல் பெங்குவின் அதை வெளியிட்டபோது, கலை இயக்குநர் ஜெர்மானோ ஃபச்செட்டி புதிய ஓவியம் எதையும் வரையச் சொல்லவில்லை. ஈவ் தாங்கி 1942இல் தீட்டிய ஓர் ஓவியத்தை எடுத்து அட்டையில் வைத்தார். 1974இல் டேவிட் பெல்ஹாம் அதே நூலுக்கு மூன்றாவது முகம் கொடுத்தார். பெல்ஹாம் பாலார்டின் நண்பர். கதைகளைப் பற்றி அவரோடு பேசிப் பேசியே பாலார்ட் நூல்வரிசைக்கான அட்டைகளை உருவாக்கியவர்.

இம்மூன்றில் ஃபச்செட்டியின் முடிவே என்னை மீண்டும் மீண்டும் இழுக்கிறது. நாவலில் லண்டன் நகரம் வெப்பமண்டல உப்பங்கழிகளின் அடியில் மூழ்கிக் கிடக்கிறது. அங்கே பியாட்ரிஸ் என்ற பெண்ணின் குடியிருப்பில் டெல்வோ, மாக்ஸ் எர்ன்ஸ்ட் ஆகியோரின் ஓவியங்கள் மாட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் எர்ன்ஸ்டின் காடு, சன்னலுக்கு வெளியே உண்மையில் வளர்ந்து நிற்கும் காட்டோடு பேசுகிறது. நுனிப்புல் மேய்ந்த ஒருவர் அட்டைக்கு எர்ன்ஸ்டையே தேர்ந்திருப்பார். அப்படிச் செய்திருந்தால் கதைக்குள் இருக்கும் ஒரு பொருளைப் படம் பிடித்ததாக மட்டுமே இருந்திருக்கும். தாங்கியின் ஓவியத்தில் காடும் இல்லை, நகரமும் இல்லை. உயிருள்ளதா கல்லா என்று சொல்ல முடியாத உருவங்கள் எல்லையற்ற வெளியில் நிற்கின்றன. மனிதன் தன் உடலின் ஆதி நினைவுக்குள் பின்னோக்கிப் போகிறான் என்பதே பாலார்டின் மையக் கருத்து. அந்த நிலைக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி அன்றைய ஓவிய உலகில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஏற்கெனவே இருந்த ஒரு படத்தை ஏற்கெனவே இருந்த ஒரு பனுவலோடு சேர்த்ததன் மூலம், ஒரு வரிகூட எழுதாமல் ஃபச்செட்டி ஒரு விமர்சனத்தைச் செய்துவிட்டார்.

இதைத்தான் நல்ல ரசிகரும் செய்கிறார். நூலின் அட்டை, தலைப்பு, முன்னுரை போன்றவற்றைப் பனுவலுக்குள் நுழையும் வாயில்களாக 1987இல் வகைப்படுத்திய ஜெரார் ஜெனெத், அவற்றை ஆசிரியரும் அவர் சார்பில் இயங்கும் பதிப்பாளரும் பொறுப்பேற்கும் பகுதிகளாகவே கண்டார். வாசகர் வாயிலைக் கட்டுகிறவராக அவருடைய திட்டத்தில் வரவில்லை. ஆனால் அறிவியல் புனைகதையில் வாசகருக்கும் தொழில்முறைக் கலைஞருக்கும் நடுவே இருந்த சுவர் எப்போதுமே தாழ்வானது. 1930களிலிருந்தே ரசிகர்கள் உருட்டச்சில் சொந்தப் பத்திரிகைகளை அச்சிட்டு, அவற்றுக்கு அட்டையும் வரைந்தார்கள். ஹியூகோ விருதில் ரசிகர் ஓவியருக்கென 1967இல் தனிப் பிரிவு ஏற்பட்டபோது அதை வென்ற ஜாக் காகன், அதே ஆண்டு தொழில்முறை ஓவியருக்கான ஹியூகோவையும் வென்றார். ஆகவே ரசிகரின் மறுவடிவத்தை வெளியாள் ஒருவரின் அத்துமீறலாகப் பார்ப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது.

இவ்வளவு சொன்ன பிறகு, எல்லா மறுவடிவங்களையும் ஒரே தட்டில் வைக்க நான் தயாராக இல்லை. இன்று கண்ணில் படுபவற்றில் கணிசமானவை நூலை விட்டுவிட்டு அட்டையை மட்டுமே நகலெடுக்கின்றன. ரோமெக் மார்பர் 1961இல் பெங்குவின் துப்பறியும் நூல்களுக்காக வகுத்த கட்டமைப்பு இதற்கு முதல் பலி. மேல் மூன்றில் ஒரு பங்கில் கோடுகளுக்கிடையே எழுத்து, கீழ் இரண்டு பங்கில் படம் என்ற அந்த ஒழுங்கு, பல ஓவியர்களின் கைவேலையை ஒரே வரிசையாகக் காட்டவேண்டிய தேவையிலிருந்து பிறந்தது. அந்தத் தேவை இல்லாத இடத்தில் அதை எடுத்தாண்டு, மூலைகளில் செயற்கையான கிழிசலையும் முதுகில் போலி மடிப்புக் கோடுகளையும் சேர்ப்பது ஒரு காலத்தின் தோற்றத்தை மட்டுமே தருகிறது. யாருடைய கையும் புரட்டாத புத்தகத்தில் தேய்மானத்தை வரைவது எனக்கு ஒப்பவில்லை.

இதைவிடத் தீவிரமான சிக்கல் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலில் இருக்கிறது. குப்ரிக்கின் திரைப்படத்தை ஒட்டி 1972இல் வந்த பெங்குவின் பதிப்புக்கு, பெல்ஹாம் நெருக்கடியில் ஒரே இரவில் செய்து முடித்த பற்சக்கரக் கண் உலகப்புகழ் பெற்றது. ரசிகர்கள் அதை எண்ணற்ற முறை மறுவடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் அட்டையில் உள்ள தொப்பியும், ஒரு கண்ணை மட்டும் அழுத்திக் காட்டும் ஒப்பனையும் படத்திலிருந்து பெறப்பட்டவை. பர்ஜெஸ் 1962இல் எழுதிய நாவலில் 21 அத்தியாயங்கள் உண்டு. இறுதி அத்தியாயத்தில் நாயகன் அலெக்ஸ் வன்முறையில் சலிப்புற்று, தனக்குப் பிறக்கப்போகும் மகனை நினைத்துப் பார்க்கிறான். அமெரிக்கப் பதிப்பு 1986 வரை அந்த அத்தியாயத்தை விட்டுவிட்டது. குப்ரிக்கின் படமும் அதில்லாமலே முடிகிறது. பிரிட்டிஷ் வாசகர் கையில் இருந்ததோ முழு நூல். அதாவது முழுமையான நாவலின் மீது, அதன் முடிவைத் துறந்த ஒரு படத்தின் முகம் ஒட்டப்பட்டது. பற்சக்கரத்தை மீண்டும் மீண்டும் மெருகேற்றும் ரசிகர், தாம் அறியாமலேயே அந்தக் குறைப்பட்ட வாசிப்புக்குக் கையெழுத்திடுகிறார். சலித்துப்போன ஓர் இளைஞனை அட்டையில் வைக்கத் துணியும் மறுவடிவமே எனக்கு வேண்டியது.

மறுவடிவம் தேவையாகவே இருந்த நூல்களும் உண்டு. ஆக்டேவியா பட்லரின் 'டான்' நாவலின் நாயகி லிலித் கறுப்பினப் பெண். வார்னர் நிறுவனம் வெளியிட்ட பதிப்பின் அட்டையில் அவள் வெள்ளையினப் பெண்ணாக நிற்கிறாள். உர்சுலா லெ குவின் 'எர்த்ஸீ' நூல்களின் மாந்தரில் பெரும்பாலோரைக் கருநிறத்தவராகவே படைத்தார். அட்டைகளும் 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரும் அவர்களை வெளுக்கச் செய்ததை அவரே வெளிப்படையாகக் கண்டித்தார். இந்நூல்களுக்கு ஒரு ரசிகர் கருநிற முகத்தை வரையும்போது பனுவலில் இருப்பதைத் திருப்பிக் கொடுக்கிறார். 2013இல் எழுத்தாளர் மொரீன் ஜான்சன், நூலாசிரியர் எதிர்ப்பாலினராக இருந்திருந்தால் அட்டை எப்படி இருந்திருக்கும் என்று வரைந்து காட்டுமாறு வாசகர்களைக் கேட்டார். உடனே குவிந்த வரைவுகள், எழுதியவர் ஆணா பெண்ணா என்பதை வைத்தே பதிப்பகங்கள் படத்தையும் எழுத்துருவையும் நிறத்தையும் தேர்கின்றன என்பதைக் கண்ணெதிரே நிறுத்தின. நீண்ட கட்டுரைகள் பல செய்ய முடியாததை அவை செய்தன.

இப்படித் திருத்துவது வரலாற்றுச் சான்றை அழிக்காதா என்று நூலகத் துறையினர் கேட்கக்கூடும். அச்சான பதிப்பு எங்கும் போய்விடவில்லை. மறுவடிவம் அதன் இடத்தைப் பறிப்பதும் இல்லை. 'டான்' நூலின் தவறான அட்டையைக் காப்பகத்தில் பத்திரப்படுத்துவதற்கு வலுவான காரணமே, பின்னால் வரைந்தவர்கள் அதைச் சுட்டிக்காட்டியதுதான்.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது வேறொன்று. அன்றைய மலிவுப் பதிப்புகளில் பல, அட்டை ஓவியரின் பெயரை எங்குமே அச்சிடவில்லை. சேகரிப்பாளர்கள் ஓவியத்தின் மூலையில் உள்ள கையொப்பத்தையும் தூரிகையின் போக்கையும் வைத்தே அவர்களில் பலரை அடையாளம் கண்டார்கள். இன்று மறுவடிவம் செய்பவர்களில் ஒரு சாரார் அந்த ஓவியங்களை அப்படியே வெட்டி எடுத்து, எழுத்துருவை மாற்றி, புதிய வடிவமைப்பாளரின் பெயரை மட்டும் போடுகிறார்கள். கையொப்பம் இருந்த மூலை வெட்டில் போய்விடுகிறது. மூலப் பதிப்பின் ஆண்டு, பதிப்பகம், ஓவியர் பெயர் ஆகியவை மறுவடிவத்தின் பின்னட்டையில் இடம்பெற வேண்டும். பெயர் தெரியாத இடத்தில் அதையும் எழுத வேண்டும். அடுத்து வருகிற சேகரிப்பாளர் தேடலை அங்கிருந்து தொடங்குவார்.