சின்னப்பிள்ளைக் கடுதாசிக்கு நம்பர் உண்டா?

ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி போன மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக ஒரு கேள்வி கேட்டாள். பள்ளிச் சுவரில் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் பற்றி ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்ததாம்.

"தாத்தா, இவங்களுக்கு நானே லெட்டர் போடலாமா? போட்டா உடனே அம்மாகிட்ட சொல்லிடுவாங்களா?"

அரசாங்க ஆபீசில் முப்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டியவன் நான். முதல் கேள்விக்கு "போடலாம்மா" என்று சொல்லிவிட்டேன். இரண்டாவதற்குப் பதில் வரவில்லை. இப்படி ஒரு அலுவலகத்தைப் பற்றிப் பெரியவர்கள் எழுதுவதெல்லாம் சட்டம், அதிகாரம், ஆண்டறிக்கை. பிள்ளைகள் கேட்பதோ வேறு: யார் அங்கே உட்கார்ந்திருக்கிறார், பதில் போடுவாரா, காட்டிக் கொடுப்பாரா? அன்றிரவு அந்தக் கண்ணோடு இதன் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தேன். சிறு வயதில் படித்த பிரெஞ்சு இந்த மாதிரி வேலைக்கு இன்னும் கைகொடுக்கிறது.

மக்களின் முறையீட்டைக் கேட்க ஆட்சியைச் சாராத ஓர் அதிகாரி என்ற ஏற்பாடு ஸ்வீடனில் 1809-இல் வந்தது. அவருக்கு ஓம்புட்ஸ்மன் என்று பெயர். ஆனால் பிள்ளைகளுக்கென்று தனியாக அப்படி ஒருவரைச் சட்டம் போட்டு வைக்க இன்னும் 170 வருஷம் ஆயிற்று. உலகிலேயே முதலில் செய்தது நார்வே. சட்டத்தின் தேதி 1981 மார்ச் 6. முதலில் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் மோல்ஃப்ரிட் ஃப்லெக்காய் என்ற உளவியல் அறிஞர், ஒரு பெண்மணி. அவருக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. பேசலாம், கண்டிக்கலாம், யோசனை சொல்லலாம். வீட்டுக்குள் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நடக்கும் தகராறில் அவர் தலையிட முடியாது என்றும் வரம்பு கட்டியிருந்தார்கள். குடும்பத்துக்குள் அரசாங்கம் மூக்கை நுழைக்கக் கூடாது என்ற எதிர்ப்பு அப்போது பலமாக இருந்தது.

எட்டு வருஷம் கழித்து, 1989-இல், அவர் இடத்துக்கு வந்தவர் த்ரோன்-விக்கோ டோர்கெர்சன். படிப்பால் டாக்டர். ஆனால் நார்வே பிள்ளைகள் அவரைத் தொலைக்காட்சியில் பாட்டுப் பாடுகிறவராக ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். பிள்ளைகள் கூப்பிட்டுத் தங்கள் குறையைப் பதிவு செய்து வைக்க ஒரு தொலைபேசி ஏற்பாடும் வந்தது. எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. மனு எழுதத் தெரிய வேண்டாம், ஸ்டாம்பு வாங்கக் காசு வேண்டாம், பெரியவர் கையெழுத்து வேண்டாம். தெரிந்த முகம் ஒன்று இருக்கிறது, பேசினால் போதும்.

அதே 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏற்றது. அதில் 12-ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயத்திலும் பிள்ளை தன் கருத்தைச் சொல்லலாம், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் தக்க மதிப்பை அதற்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. இந்தியா 1992 டிசம்பரில் இதை ஏற்றுக்கொண்டது.

இனி பிரான்ஸ். அங்கே 'தெஃபான்சர் தேஸான்ஃபான்', அதாவது பிள்ளைகளின் காப்பாளர் என்ற பதவியை உண்டாக்கிய சட்டத்தின் தேதி 2000 மார்ச் 6. நார்வே சட்டமும் மார்ச் 6 தான். தேதியைப் பார்த்துப் பார்த்தே வயசான குமாஸ்தாவின் கண்ணுக்கு இதெல்லாம் தப்பாது! நான் பள்ளியில் படித்த காலத்தில் தெஃபான்சர் என்றால் எங்களுக்குக் கால்பந்தில் கோலுக்கு முன்னால் நின்று பந்தைத் தடுப்பவன். அந்தச் சட்டத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய சொல் 'நேரடியாக'. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் முறையீட்டை அந்த அதிகாரி நேரடியாகப் பெறலாம். அப்பா வழியாக, ஆசிரியர் வழியாக என்று இல்லை.

முதலில் வந்தவர் கிளேர் பிரிசே என்ற பத்திரிகையாளர். 2006-இல் தொமினீக் வெர்சினி வந்தார். அவர் காலத்தில் இளைஞர்களைத் தூதர்களாகப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அவர்கள் போய், உங்களுக்கு இன்னின்ன உரிமை உண்டு, இப்படி ஒரு அலுவலகமும் உண்டு என்று சொல்வார்கள். ஏன் என்றால், இருக்கிறது என்றே தெரியாத கதவை எந்தப் பிள்ளை தட்டும்?

ஆனால் 2009 செப்டம்பரில் அரசாங்கம் ஒரு மசோதா கொண்டுவந்தது. பிள்ளைகளின் காப்பாளர் உட்படச் சில அமைப்புகளை ஒன்றாக்கி 'உரிமைகளின் காப்பாளர்' என்ற ஒரே பெரிய அலுவலகம் அமைப்பதாகத் திட்டம். தனக்கே முன்கூட்டிச் சொல்லவில்லை என்று வெர்சினி வெளிப்படையாகக் குறைப்பட்டார். குழந்தைகளுக்காக உழைக்கும் சங்கங்கள் எதிர்த்தன. கடைசியில் 2011 மார்ச் 29 சட்டத்தால் நான்கு அமைப்புகள் ஒன்றாயின. பிள்ளைகளின் காப்பாளர் என்ற பட்டம் மட்டும் உதவி அதிகாரி ஒருவருக்கு மிஞ்சியது. இன்றும் அது இருக்கிறது, வேலையும் நடக்கிறது. 2019-இல், உடன்படிக்கையின் முப்பதாவது ஆண்டை ஒட்டி, 'எனக்கு உரிமை உண்டு, என் பேச்சைக் கேள்' என்ற பெயரில் 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கருத்தைத் திரட்டினார்கள். நல்ல காரியம். இருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. அமைப்பு இருக்க வேண்டுமா, கரைய வேண்டுமா என்று பாராளுமன்றத்தில் வாதாடியவர்கள், ஓட்டுப் போட்டவர்கள் எல்லாரும் பெரியவர்கள். யாருக்காக அது இருந்ததோ அவர்களுக்கு ஓட்டு இல்லை.

வேல்ஸ் நாட்டுக் கதை வேறு. அங்கே குழந்தைகள் இல்லங்களில் பல வருஷம் நடந்த கொடுமைகளை விசாரித்த வாட்டர்ஹவுஸ் அறிக்கை 2000-இல் வெளிவந்தது. பிள்ளைகளுக்கெனத் தனி ஆணையர் வேண்டும் என்று அது சொன்னது. 2001-இல் பீட்டர் கிளார்க் முதல் ஆணையர் ஆனார். அவரைத் தேர்ந்தெடுத்த விதம்தான் விசேஷம். பெரியவர்களோடு பிள்ளைகளும் விண்ணப்பித்தவர்களை நேர்காணல் செய்தார்கள். இல்லங்களில் பெரியவர்களை நம்பி ஏமாந்த பிள்ளைகளின் நாடு அது. எனவே யாரை நம்பலாம் என்று பார்க்கும் வேலையில் பிள்ளைகளையே சேர்த்துக்கொண்டது நியாயம்தான்.

நம் நாட்டில் 2005-இல் சட்டம் வந்தது, 2007 மார்ச்சில் தேசிய ஆணையம் அமைந்தது. குழந்தைத் தொழிலாளர்களை மீட்டுப் பள்ளிக்கு அனுப்பியதற்காக மகசேசே விருது பெற்ற சாந்தா சின்ஹா முதல் தலைவர். சட்டத்தில் ஒரு தலைவர், ஆறு உறுப்பினர், அதில் குறைந்தது இரண்டு பெண்கள் என்று இருக்கிறது. தலைவரை அமைச்சர் தலைமையிலான மூவர் குழு பரிந்துரைக்கும். அந்தத் தேர்வில் பிள்ளைகளைக் கேட்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

இதையெல்லாம் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், சொல்ல வேண்டிய கதை ஒன்று இருக்கிறது.

எண்பதுகளின் நடுவில் நான் ஒரு ஆபீசில் தபால் பிரிவில் இருந்தேன். வரும் தபாலைப் பிரித்து, முத்திரை குத்தி, பதிவேட்டில் நம்பர் போட்டு, உரிய மேசைக்கு அனுப்புவது என் வேலை. ஒரு நாள் கோடு போட்ட நோட்டுத்தாளில் ஒரு கடிதம். விடுதியில் தங்கிப் படிக்கும் பெண். விடுதிக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, பயமாக இருக்கிறது, 'ஐயா அவர்கள் தாழ்ப்பாள் போட்டுத் தர வேண்டும்' என்று எழுதியிருந்தாள். அடியில் பெயர், வகுப்பு, அவ்வளவுதான். சூப்பரிண்டெண்டிடம் காட்டினேன்.

"சின்னப்பிள்ளைக் கடுதாசிக்கெல்லாம் நம்பர் போடாதீங்க. நம்பர் போட்டா பதில் போடணும். பெரியவங்க யாராவது எழுதட்டும், பார்க்கலாம்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. விதி அப்படி என்று நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன். மேசை மேலிருந்த குத்தூசியில் அந்தத் தாளைக் குத்தி வைத்தேன். மாதக் கடைசியில் மற்ற குப்பையோடு அதுவும் போயிற்று. பெரியவங்க யாரும் எழுதவில்லை. தாழ்ப்பாள் போட்டார்களா என்று நான் விசாரிக்கவும் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். எத்தனையோ பெரிய மனிதர்களின் மனுக்களை நம்பர் போட்டு அனுப்பியிருக்கிறேன், ஒன்றும் நினைவில் இல்லை. நம்பர் போடாத அந்தக் கடிதத்தின் கையெழுத்து மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது. 'தாழ்ப்பாள்' என்பதில் 'ழ்'-க்குப் புள்ளி வைக்க மறந்திருந்தாள்.

மறுநாள் காலை பேத்தியிடம் சொன்னேன்: "நீயே லெட்டர் போடலாம். அம்மாகிட்ட சொல்லுவாங்களான்னு எனக்குத் தெரியாது. அதையும் லெட்டரிலேயே கேளு. 'என்னைக் கேக்காம யார்கிட்டயும் சொல்லாதீங்க'ன்னு முதல் வரியிலே எழுது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பதில் வரலைன்னா?"

"என்கிட்ட சொல்லு. நான் போய் நம்பர் என்னன்னு கேக்கறேன்."

என்ன எழுதப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.