கம்பவுண்டர் என்றொரு வேலை

சங்கரன்கோவிலில் ஒருவர் இறந்தால் மறுநாள் விடிவதற்குள் சுவரில் கண்ணீர் அஞ்சலி ஏறிவிடும். பெயருக்கு முன்னால் பட்டம், பின்னால் பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்திகள் வரிசை. கம்பவுண்டராக இருந்த மனிதர்களுக்கும் அப்படி ஒட்டியிருப்பார்கள். கம்பவுண்டர் என்ற வேலைக்கு யாரும் ஒட்டவில்லை. அது எந்த வருஷம் போனது என்றுகூடச் சொல்ல ஆளில்லை. டாக்டர் அறையை ஒட்டி, மரத்தடுப்பில் வெட்டிய சின்ன ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றவர் வயதாகி நின்றுகொண்டார். அந்த இடத்துக்கு இன்னொருவரை வைக்கவில்லை. மரணச் செய்தி அவ்வளவுதான்.

இன்றைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அன்றைக்கு டாக்டர் எழுதித் தரும் சீட்டை மருந்துக் கடைக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. பக்கத்து ஜன்னலில் நீட்டினால் போதும். பாட்டில் நம் வீட்டிலிருந்து வரும். அதைக் கழுவி, அலமாரியில் இருக்கும் பெரிய ஜாடிகளிலிருந்து அளந்து ஊற்றுவார். ரோஸ் நிறம் என்றால் வயிற்றுக்கு. சோடா உப்பும் ஏலக்காய், இஞ்சி டிங்சர்களும் சேர்ந்த கார்மினேட்டிவ் மிக்சர். பழுப்பு நிறம் இருமலுக்கு. தொண்டைப் புண்ணுக்கு அயோடினும் கிளிசரினும் கலந்த மேண்டில்ஸ் பெயின்ட்டைப் பஞ்சில் தொட்டுத் தடவுவார். படர்தாமரைக்கு விட்ஃபீல்ட் களிம்பு, சிரங்குக்கு பென்சைல் பென்சோயேட். காய்ச்சலுக்கு ஏ.பி.சி. பொடியைக் கல்வத்தில் அரைத்து, துண்டுக் காகிதத்தில் பொட்டலமாக மடித்து அடுக்குவார். நடுவில் ஸ்டவ்வில் கண்ணாடி ஊசி கொதித்துக்கொண்டிருக்கும்.

கடைசியாக ஒரு காகித நாடா. நீளமாகக் கிழித்து, மடித்து, ஓரத்தைக் கத்தரியால் சீவி, பாட்டிலின் முதுகில் பசை தடவி ஒட்டுவார். பிரித்துப் பார்த்தால் சரியான இடைவெளியில் வெட்டுகள். டாக்டர் சீட்டில் எழுதிய ‘டி.டி.எஸ்.’ என்ற லத்தீன் சுருக்கம் இந்த ஜன்னலைத் தாண்டும்போது இப்படி ஆகும்: “தாயி, இந்த வெட்டு வரைக்கும் காலைல. அடுத்த வெட்டு மத்தியானம். அதுக்கடுத்தது ராத்திரி. குலுக்கிட்டுக் குடிக்கணும், என்ன?” கையெழுத்துப் போடத் தெரியாத கரிசல்காட்டுப் பெண்ணும் தன் மருந்தைத் தானே படித்துக்கொண்டாள்.

அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. அதற்குப் பெயர் கிடையாது, சம்பளமும் கிடையாது. வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களை ஒரு பார்வை பார்ப்பார். மூச்சு வாங்கும் குழந்தையை மட்டும் முன்னால் அனுப்புவார். ‘என்ன அண்ணாச்சி, நாங்க முன்னாடியே வந்தோமே’ என்று கேட்பவரை ஒரு சொல்லில் அடக்குவார். உள்ளே டாக்டரிடம் ‘சரிங்கய்யா’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்த நோயாளி, வெளியே ஜன்னலில்தான் உண்மையைப் பேசுவார்: ஊசி போட்டால் நாளைக்குத் தறிக்குப் போக முடியாது, பத்து நாள் மருந்து வேண்டாம், மூன்று நாளைக்குத்தான் காசிருக்கிறது, மாமியாருக்குத் தெரியாமல் வந்திருக்கிறேன். அதில் டாக்டருக்குத் தெரிய வேண்டியது எதுவோ அது உள்ளே போகும். மீதி அவரோடு நிற்கும். காசு இல்லாதவருக்கு நோட்டில் பற்று எழுதுவார். வாரக்கூலி வந்ததும் தறிக்காரர் கொடுப்பார். பருத்தி வெடித்ததும் குருவிகுளம் பக்கத்து சம்சாரி கொடுப்பார்.

போன வாரம் வரச் சொன்னவர் வரவில்லை என்றால் அந்த ஊர்க்காரர் யாராவது சந்தைக்கு வந்திருப்பார். “ஏன் அவுக வரல? கட்டு பிரிக்கணும்னு சொல்லுங்க.” சில வேளை அவரே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஊசி போட்டுவிட்டு வருவார். கோமதி அம்மன் சந்நிதிப் புற்றுமண்ணை எல்லா நோய்க்கும் பூசிக்கொள்கிற ஊர் இது. அதைக் கேலி செய்தால் நோயாளி மறுபடி வரமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். மண்ணை நெற்றியில் வை, புண்ணில் இந்தக் களிம்பை வை என்று இரண்டையும் இரண்டு இடத்தில் நிறுத்தத் தெரிந்தவர். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் மயங்கி விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் முதலில் கூப்பிட்டதும் அவரைத்தான்.

இந்த வேலையைத்தான் இன்றைய பொதுசுகாதாரப் பாடப்புத்தகங்கள் ‘குழு முறைப் பராமரிப்பு’ என்று அத்தியாயம் போட்டு எழுதுகின்றன. டாக்டர் ஒருவரே எல்லாவற்றையும் பார்க்க முடியாது. அளப்பவர், சொல்லிப் புரியவைப்பவர், வராதவரைத் தேடுபவர் என்று ஆட்களைப் பிரித்து, ஒரே நோயாளியைச் சுற்றி நிற்க வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1990களில் அமெரிக்காவின் சியாட்டிலில் எட்வர்ட் வாக்னர் என்ற மருத்துவர் நாள்பட்ட நோய்களுக்கான இத்தகைய பராமரிப்பு மாதிரி ஒன்றை வகுத்தார். உலகம் அதைப் பிடித்துக்கொண்டது. சங்கரன்கோவிலில் அந்தக் குழுவில் இரண்டே பேர். அதில் ஒருவரை இழந்துவிட்டோம்.

ஏன் இழந்தோம்? அவருக்குச் சோறு போட்டது மிக்சர் பாட்டில். டாக்டர் பீஸும் மருந்தும் சேர்த்து ஒரே காசாக வாங்கிய காலம் அது. தன் நோயாளிக்குத் தானே மருந்து கொடுக்க டாக்டருக்குச் சட்டத்தில் இடமும் இருந்தது. திறந்த கடை நடத்தாத வரை 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ‘கே’ அட்டவணை அதை அனுமதித்தது. அந்த ஒரே காசுக்குள்தான் கம்பவுண்டரின் கூலி ஒளிந்திருந்தது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 1972இல் அமலுக்கு வந்ததும் இந்தியக் கம்பெனிகள் மாத்திரைகளை மலிவாகச் செய்து குவித்தன. கலக்க வேண்டிய மருந்து குறைந்தது. கிழித்துக் கொடுக்கும் பட்டை கூடியது. 1986இல் இந்தியாவில் முதன்முறையாகச் சென்னையில் ரத்தப் பரிசோதனைகளில் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பயம் பரவப் பரவக் கண்ணாடி ஊசியும் கொதிக்கும் டப்பாவும் மூலைக்குப் போயின. 1995இல் உச்ச நீதிமன்றம் மருத்துவ சேவையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்த பிறகு, லேபிள் இல்லாத பாட்டிலில் மருந்து ஊற்றிக் கொடுக்க எந்த டாக்டருக்கும் தைரியம் வராது. ஒவ்வொன்றும் தன்னளவில் நியாயமான மாற்றம். எல்லாம் சேர்ந்து அவர் சம்பளத்தின் ஊற்றை அடைத்தன.

மருந்துக்கான காசு மருந்துக் கடைக்குப் போனது, பரிசோதனைக்கான காசு லேபுக்குப் போனது. வராதவரைத் தேடும் வேலைக்கு என்றுமே தனியாக விலை வைத்ததில்லை. அதனால் அது போனபோது எந்தக் கணக்கிலும் நஷ்டம் காட்டவில்லை.

செத்தவரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்வது வழக்கம். இவர் விஷயத்தில் அது பொய்யாகிவிடும். படிப்பு இல்லாமல் பார்த்துப் பார்த்துக் கற்ற கை அது. 1948ஆம் ஆண்டின் மருந்தாளுநர் சட்டம் முதல் பதிவேட்டைத் திறந்தபோது அனுபவத்தை வைத்தே பலரை உள்ளே விட்டது. அதற்குப் பின்னால் வந்தவர்களில் பலரிடம் பதிவும் இல்லை. இடுப்பில் தப்பான இடத்தில் இறங்கிய ஊசி நரம்பைத் தொட்டு, கால் இழுத்தபடி நடந்தவர்கள் உண்டு. போலியோ சுற்றிக்கொண்டிருந்த நாளில் காய்ச்சல் குழந்தைக்குப் போட்ட தேவையற்ற ஊசியே வாதத்தைத் தூண்டக்கூடும் என்பது பின்னால்தான் பலருக்கும் உறைத்தது. சரியாகக் கொதிக்காத ஊசி மஞ்சள் காமாலையைக் கைமாற்றியது. அவர் பொட்டலம் கட்டிய ஏ.பி.சி.யில் இருந்த ஃபினாசிட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பிற்பாடு தடை செய்யப்பட்டது. சிலர் பக்கத்துக் கிராமத்தில் தனியாகப் பலகை மாட்டி ‘டாக்டர்’ ஆனார்கள். பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றி ஜன்னலில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. எந்தத் தெருக்காரருக்கு எந்தக் குரல் என்பதிலும் அவர் ஊரைப் போலவேதான் இருந்தார். பற்று நோட்டில் இருந்தது போக மற்றதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அவர் போனதும் ஊரின் பாதி நோய்க்கதை அவரோடு போனது.

வாரிசுகள் இருக்கிறார்கள். சொத்தைப் பாகம் பிரித்ததுபோல ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். மருந்தை மருந்துக் கடை எடுத்தது. ஊசியை நர்ஸம்மா எடுத்தார். ரத்தமும் சிறுநீரும் லேபுக்கு. வரிசை டோக்கன் கொடுக்கும் பெண்ணுக்கு. பற்று நோட்டு மட்டும் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அதில்தான் யார் வரவில்லை என்ற விவரமும் இருந்தது.

காலம் செய்த குறும்பு இங்கேதான் இருக்கிறது. மிக்சர் காலத்து நோய் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தீரும், அல்லது ஆளைத் தீர்க்கும். கம்பவுண்டர் மூன்று முறை பார்த்தால் வேலை முடிந்தது. அவர் போன பிறகு பெருகிய சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் முப்பது வருஷம் கூடவே வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது: இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை, 31.5 கோடிப் பேருக்கு ரத்த அழுத்தம். இந்த நோயாளிக்கு வேண்டியது புது மருந்து அல்ல. ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்டு, ‘நார்மல் ஆயிருச்சு’ என்று நிறுத்தியவரைக் கூப்பிட்டு விசாரிக்க ஓர் ஆள். அந்த ஆள் இல்லாததால், காலில் கொப்புளம் வெடித்து, விரல் கறுத்து, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் ஏறும்போதுதான் அவர் மறுபடி மருத்துவத்தின் கண்ணில் படுகிறார்.

அரசாங்கத்துக்கு இது உறைத்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டம் செய்வது, கம்பவுண்டரின் பெயரில்லாத வேலைக்குப் பெயரும் பதிவேடும் கொடுத்ததுதான். சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டு வாசலில் அழுத்தம் பார்க்கிறார், சர்க்கரை பார்க்கிறார், மாத்திரையைக் கையில் கொடுக்கிறார். படுத்த படுக்கையாக இருப்பவரைத் தேடி நோய் ஆதரவுச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் போகிறார்கள். பழைய ஜன்னலில் வாய் திறக்காத பெண்களிடம் இப்போது ஒரு பெண்ணே பேசுகிறார். அது கம்பவுண்டரால் முடியாத காரியம். 2017இல் தொடங்கிய இந்திய ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சியும் எல்லோருக்கும் ஒரே சிகிச்சை நெறி, தட்டுப்பாடு இல்லாத மருந்து, வராதவர் பட்டியல், குழு வேலை என்றே வகுத்தது.

ஆனால் ரதவீதிகளிலும் ராஜபாளையம் சாலையிலும் மாலையானால் கூட்டம் வழியும் தனியார் கிளினிக்குகள் இதற்கு வெளியே நிற்கின்றன. அங்கே டாக்டர் ஒருவருக்குச் சில நிமிஷம்தான் தர முடிகிறது. அழுத்தம் அளப்பது, கால் பார்ப்பது, மாத்திரை விளக்குவது, அடுத்த தேதி சொல்வது எல்லாம் அந்தச் சில நிமிஷத்துக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. அவசரத்தில் விழுவது எப்போதும் கடைசி இரண்டும்தான். மாற்றுவது பெரிய வித்தை இல்லை. டாக்டரிடம் போகும் முன்பே நர்ஸ் அழுத்தமும் எடையும் பார்த்து எழுதிவிடலாம், செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தையும் பார்த்துவிடலாம். சர்க்கரைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு பதிவேடு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அடுத்த தேதி. வாரத்தில் ஒரு மத்தியானம் அந்தப் பதிவேட்டை எடுத்து வைத்து, தேதி தாண்டியவர்களுக்கு போன் போட ஓர் ஆள். அந்த ஆள் டாக்டரோடு கால் மணி நேரம் உட்கார்ந்து, யார் ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டும். மருந்தின் அளவை மாற்றுவது டாக்டர் கையில் இருக்கட்டும்; மனிதரைத் தொடர்வது இந்த ஆளின் கையில் இருக்கட்டும்.

இதைக் கேட்கும் எந்த டாக்டரும் முதலில் கேட்பது, “அந்த ஆளுக்கு யார் சம்பளம் கொடுப்பது?” நியாயமான கேள்வி, கம்பவுண்டரைக் கொன்றதும் அதே கேள்விதான். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் இதற்கு 2015இல் ஒரு பதில் சொன்னது: நோயாளி டாக்டரைப் பார்க்க வராத நாட்களில் நடக்கும் பராமரிப்புக்கும் மாதாமாதம் காசு கொடுக்கலாம். நம் ஊர் பதில் வேறாக இருக்கும். மாதச் சந்தாவாக ஒரு சிறு தொகை வாங்கலாம். பதிவேட்டைக் கிளினிக் வைத்துக்கொண்டு, மாத்திரையை மட்டும் அரசுத் திட்டத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். எப்படிச் செய்தாலும் மருந்துக்குள் மறைத்து வைத்த கூலியாக இல்லாமல், வெளிப்படையாக அந்த வேலைக்கென்றே கொடுத்த கூலியாக அது இருக்க வேண்டும்.

கம்பவுண்டர் திரும்பி வரவேண்டாம். அவர் ஊசியும் வேண்டாம், பொட்டலமும் வேண்டாம், ஆள் பார்த்து மாறும் குரலும் வேண்டாம். சங்கரன்கோவிலில் எந்தக் கிளினிக்கில் போய்க் கேட்டாலும், போன மாதம் வராதவரைத் தேடுவது யார் பொறுப்பு என்ற கேள்விக்கு ஒரு பெயர் பதிலாக வர வேண்டும். அந்தப் பெயர் இல்லாத இடத்தில் நல்ல டாக்டர் இருக்கலாம், வைத்தியம் பாதியில்தான் நிற்கும்.