அடுத்த புத்தகம்

நல்ல நாவல் ஒன்றைப் படித்து முடித்தவருக்கு மறுநாள் ஒரு விசித்திரமான சங்கடம் ஏற்படுகிறது. பத்து நாள் தங்கியிருந்த விருந்தாளி ஊருக்குப் போய்விட்டதைப் போல வீடு வெறிச்சென்று இருக்கிறது. "இதைப் போல இன்னொன்று கிடைக்குமா?" என்று மனம் ஏங்குகிறது. அலமாரியில் ஐம்பது புத்தகங்கள் இருக்கலாம். அவற்றில் எது என்றுதான் தெரிவதில்லை. கைக்கு அகப்பட்டதை எடுக்கிறோம்; இருபது பக்கம் தாண்டுவதற்குள் கொட்டாவி வந்துவிடுகிறது. அதை மூடிவிட்டு இன்னொன்று, அதுவும் அப்படியே. இப்படி இரண்டு மூன்று முறை ஏமாந்து, படிக்கிற பழக்கத்தையே கைவிட்டவர்கள் எத்தனையோ பேர். ஆகவே இது அற்ப விஷயமல்ல. இந்தச் சங்கடத்தைத் தீர்த்து வைப்பதற்காகவே ஆயுளைச் செலவிட்டவர்கள் இருக்கிறார்கள். இதற்கென்று ஒரு சரித்திரமே இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் பல பொது நூலகங்களில் நுழைகிறவருக்குப் புத்தகமே கண்ணில் படாது. எதிரே ஒரு நீண்ட மேஜை. அதன் மேல் ஒரு பெரிய பலகை. பலகை முழுவதும் சின்னச் சின்ன மாடங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எண். எண் ஒரு நிறத்தில் தெரிந்தால் புத்தகம் உள்ளே இருக்கிறது. வேறு நிறமானால் வெளியே போயிருக்கிறது. ஆல்பிரட் காட்கிரீவ் என்ற நூலகர் அமைத்துப் பிரபலமாக்கிய பலகை இது. அச்சிட்ட பட்டியலில் பெயரைப் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, பலகையில் தேடி, சிப்பந்தியிடம் கேட்டால் அவர் உள்ளேயிருந்து எடுத்துவந்து கொடுப்பார். பெண்ணைப் பார்க்காமல் ஜாதகத்தை மட்டும் பார்த்துக் கல்யாணத்தை நிச்சயம் செய்கிற மாதிரிதான். 1894-ஆம் ஆண்டில் லண்டனைச் சேர்ந்த கிளார்க்கன்வெல் நூலகத்தில் ஜேம்ஸ் டஃப் பிரௌன் என்பவர் வாசகர்களை அலமாரிகளுக்கு இடையிலேயே நடமாட விட்டார். திருட்டுப் போகும், ஒழுங்கு கெடும் என்று ஆட்சேபங்கள் எழுந்தன. ஆனாலும் காலப்போக்கில் அவர் வழியே வழியாயிற்று.

அலமாரியைத் திறந்து வைத்தால் மட்டும் போதுமா? திருவிழாக் கூட்டத்தில் வழி தெரியாமல் நிற்கும் குழந்தையைப் போல ஆயிரம் புத்தகங்களுக்கு நடுவே வாசகர் திகைத்து நிற்பாரே! அவர் கையைப் பிடித்து அழைத்துச் செல்ல ஒரு மனிதர் வேண்டும்.

இதை முன்கூட்டியே உணர்ந்தவர் அமெரிக்காவில் வூஸ்டர் நகர நூலகத்தின் தலைவராக இருந்த சாமுவேல் கிரீன். 1876-ல் பிலடெல்பியாவில் நூலகர்கள் மாநாடு ஒன்று கூடியது. அமெரிக்க நூலகச் சங்கம் பிறந்ததும் அந்த மாநாட்டில்தான். நூலகருக்கும் வாசகருக்கும் இருக்க வேண்டிய நேர்முக உறவைப் பற்றி அங்கே அவர் ஒரு கட்டுரை படித்தார். ஜனங்களுக்குக் கேட்கக் கூச்சம். ஆகவே அவர்களை முகமலர்ச்சியோடு வரவேற்க வேண்டும் என்பது அவர் கட்சி. புத்தகம் வழங்கும் இடத்தில் கதைகளை மனமார ரசிக்கிற, ரசனை பண்பட்ட ஓர் உதவியாளரை அமர்த்தும்படி சொன்னார். அவருக்கு வேறு ஏதாவது வேலையும் கையில் இருக்கட்டும் என்றார். யாராவது வந்து கேட்டால் அதை உடனே ஒதுக்கி வைத்துவிட்டு, போகிற போக்கில் சொல்கிறாற்போல யோசனை சொல்ல வேண்டுமாம். எவ்வளவு நுட்பமான யோசனை, பாருங்கள்! உபதேசம் செய்வதற்கென்றே ஒருவர் உட்கார்ந்திருந்தால் எதிரே போய் நிற்க யாருக்குத் துணிச்சல் வரும்?

அந்த நாட்களில் நாவலுக்கு அவ்வளவு நல்ல பெயர் இல்லை. ஊரார் வரிப் பணத்தில் கதைப் புத்தகம் வாங்கலாமா என்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரிய விவாதமே நடந்தது. கிரீன் நடுவழி ஒன்று கண்டார். பரபரப்பு நாவலைக் கொடுத்தால்தான் ஒருவர் மறுபடியும் யோசனை கேட்க வருவார் என்றால் அதையே கொடுத்துவிடலாம் என்றார். ஆனால், எவருக்கும் அவர் விரும்பிப் படிக்கக்கூடியவற்றில் எது மிகச் சிறந்ததோ அதைக் கொடுப்பதே குறிக்கோளாக இருக்கட்டும் என்றும் சொன்னார். இந்த யோசனையில் இரண்டு பேருக்கும் மரியாதை இருக்கிறது. சிறந்தது என்று சொல்லும்போது புத்தகத்துக்கு மரியாதை. விரும்பி என்று சொல்லும்போது வாசகருக்கு மரியாதை. இரண்டில் ஒன்றை விட்டுவிட்டாலும் காரியம் கெட்டுப் போகும்.

1920-களில் இந்தப் பணி அமெரிக்காவில் தனித் துறையாகவே வளர்ந்தது. 1929-ல் நியூயார்க் பொது நூலகத்தில் வாசகர் ஆலோசகர் அலுவலகம் ஒன்று தொடங்கப்பட்டபோது ஜென்னி ஃபிளெக்ஸ்னர் என்ற அம்மையார் அதை நடத்த வந்தார். தேடி வருகிறவர்களை உட்கார வைத்துப் பேசி, விருப்பத்தையும் தேவையையும் தெரிந்துகொண்டு, அவரவருக்கென்று தனித்தனியாக ஒரு பட்டியல் தயாரித்துக் கொடுப்பது அந்த அலுவலகத்தின் வேலை. நல்ல வைத்தியர் நாடியைப் பார்த்தபின் மருந்து எழுதுவது போல. எல்லோருக்கும் ஒரே லேகியம் என்பது அங்கே கிடையாது.

நம்முடைய சென்னை நகரம் இந்தச் சரித்திரத்தில் நுழைவது இதே காலத்தில்தான். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் தலைவராக வந்தார். வந்தவருக்கு அந்தத் தனிமை பிடிக்கவே இல்லை. மாணவர் கூட்டத்துக்கு நடுவே பேசிப் பழகியவருக்கு ஆள் அரவம் இல்லாத அறையில் என்ன வேலை? ஆசிரியர் பதவிக்கே திரும்பிவிட நினைத்து மாநிலக் கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். லண்டன் போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பி வந்த பிறகும் பிடிக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று முதல்வர் சமாதானம் சொல்லி அனுப்பினார். லண்டனில் பயின்ற ரங்கநாதன் நூறுக்கு மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். ஊரின் உயிரோட்டத்தில் ஒரு நூலகம் எப்படிக் கலந்திருக்க முடியும் என்பதை அங்கே கண்டார். 1925-ல் திரும்பியவர் ஆசிரியர் வேலையைப் பற்றி மறுபடியும் பேசவே இல்லை. சென்னையில் அலமாரிகளைத் திறந்து விட்டார்; வாசகருக்கு உதவ ஆட்களைப் பழக்கினார்.

1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் உலகம் முழுவதும் நூலகர்களுக்கு மனப்பாடம். முதலாவது, புத்தகம் உபயோகத்துக்காக இருக்கிறது என்பது. இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதும், நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பதும் மற்ற இரண்டு. அதே 1931-ல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் முயற்சியால் ஒரு மாட்டுவண்டி புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குப் புறப்பட்டது. வாசகர் புத்தகத்திடம் வர முடியாவிட்டால் புத்தகம் வாசகரிடம் போகட்டுமே!

சரி, ஆளும் இருக்கிறார், புத்தகமும் இருக்கிறது. ஆனால் ஒருவருடைய ரசனையை எப்படிக் கண்டுபிடிப்பது? துப்பறியும் கதை பிடிக்கும் என்கிறவருக்கு இன்னொரு துப்பறியும் கதையை எடுத்து நீட்டினால் தீர்ந்துவிடுமா? இல்லினாய் மாநிலத்தில் டௌனர்ஸ் குரோவ் என்ற ஊர் நூலகத்தில் பணியாற்றிய ஜாய்ஸ் சாரிக்ஸ், நான்சி பிரௌன் என்னும் இருவர் 1989-ல் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். கதை எதைப் பற்றியது என்பதை விட, அது எந்த நடையில் போகிறது, பாத்திரங்கள் எப்படி, கதைப்போக்கு எப்படி, பின்னணி எப்படி என்பவைதான் வாசகரைக் கட்டி இழுக்கின்றன என்பது அவர்கள் கண்ட உண்மை. ஆகவே வாசகரிடம், பிடித்த ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

இதன் உண்மையை நானே கண்டிருக்கிறேன். ஒரு கல்யாண வீட்டில் ஓர் அம்மாள், "நான் வெறும் துப்பறியும் கதைதான் சார் படிப்பேன்" என்று ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி சொன்னார். "கடைசியாகப் படித்ததில் எது பிடித்தது, அம்மா?" என்று கேட்டேன். "கொலையெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லை. அந்த இன்ஸ்பெக்டர் ராத்திரி நேரம் கழித்து வீட்டுக்கு வருவார். அவரும் மனைவியும் சமையலறையில் உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள். அதுதான் பிடித்தது" என்றார். கொலையே இல்லாத ஒரு சின்னக் குடும்ப நாவலின் பெயரைச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து, "இதே மாதிரி இன்னொன்று உண்டா?" என்று கேட்டு அனுப்பியிருந்தார். அவருடைய ரசனை துப்பறியும் கதையே இல்லை. மனிதர்கள் அந்தரங்கமாகப் பேசிக்கொள்வதுதான். அது அவருக்கே தெரிந்திருக்கவில்லை!

இப்போது இந்த வேலையை இயந்திரங்களும் செய்கின்றன. இந்தப் பொருளை வாங்கியவர்கள் வேறு எதையெல்லாம் வாங்கினார்கள் என்று கணக்கிட்டுச் சிபாரிசு செய்யும் முறையைப் பற்றி அமேசான் பொறியாளர்கள் மூவர் 2003-ல் ஒரு கட்டுரையே வெளியிட்டார்கள். சாமர்த்தியமான கணக்குத்தான், கூச்சப்படுகிறவர்களுக்கு சௌகரியமும் கூட. ஆனால் அந்தக் கணக்குக்கு, நாம் எதை வாங்கினோம் என்பது தெரியும். எதற்காக என்பது தெரியாது. அந்த அம்மாளுக்கு அது கொலைக்கு மேல் கொலையாகக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கும்.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு ரங்கநாதனின் மூன்றாம் விதியில் தனிப் பிரியம். இரண்டாம் விதி வாசகரின் ஏக்கத்தைச் சொல்கிறது. மூன்றாம் விதியோ, எங்கோ ஒரு கிளை நூலகத்தின் கீழ்த்தட்டில், யாரும் எடுக்காமல் வருஷக்கணக்காகத் தூசி படிந்து கிடக்கிற புத்தகத்தின் ஏக்கத்தைச் சொல்கிறது. அதை எழுதியவன் யாரோ ஒருவரை நினைத்துத்தான் எழுதியிருப்பான். அந்த ஒருவர் இதே ஊரில், நாலு தெரு தள்ளி, "அடுத்தது என்ன படிக்கலாம்?" என்று யோசித்துக்கொண்டிருக்கவும் கூடும். இருவரையும் சேர்த்து வைக்கப் பெரிய பண்டிதர் வேண்டியதில்லை. கேட்டுக்கொள்ளப் பொறுமையுள்ள ஒரு சிநேகிதர் போதும். உங்களுக்குப் பிடித்த புத்தகம் ஒன்று இருக்குமானால், அது யாருக்குப் பிடிக்கும் என்று சற்று யோசித்துப் பாருங்கள்.