மண்ணிற் புதைத்த வண்டியும் வீதியில் ஓடிய வண்டியும்

1957 ஆம் ஆண்டு ஜூன் 15 ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்திலுள்ள துல்சா நகர மக்கள் புத்தம்புதிய மோட்டார்வண்டி ஒன்றை மண்ணிற் புதைத்தனர். மாநிலம் அமைந்து ஐம்பதாண்டு நிறைந்ததைக் கொண்டாடும் விழா அது. பொன்னிறமும் வெண்ணிறமும் கலந்த பிளிமத் பெல்வடியர் வண்டி, நீதிமன்ற வளவிற் கட்டப்பட்ட கொங்கிறீற்று அறையொன்றினுள் இறக்கப்பட்டது. ஐம்பதாண்டு கழித்து அதனை எடுப்போர் பெற்றோலை அறியாதவராகவும் இருக்கலாமென எண்ணி எரிபொருளையும் உடன் வைத்தனர். பெண்ணொருத்தியின் கைப்பையில் இருக்கத்தக்க உதட்டுச் சாயமும் கொண்டையூசியுங்கூட மறக்கப்படவில்லை. அணுகுண்டுக்கும் அசையாத அறையென்று பேசிக்கொண்டார்கள். 2007 ஜூனிலே திறந்து பார்த்தபோது, அணுகுண்டு வராத அறைக்குள் தண்ணீர் வந்திருந்தது. துரு மூடிய கூடு ஒன்றே எஞ்சியது.

காப்பாற்றி வைக்கவேண்டுமென எவரும் பெரிதாக எண்ணாத வண்டியொன்றின் கதை இதற்கு நேர்மாறானது. ஹென்றி போர்டின் தொழிற்சாலை 1908 முதல் 1927 வரை 'மொடல் ரி' என்னும் ஒரேவகை வண்டியை 1.5 கோடி அளவிற் செய்து தள்ளியது. காலம் மாறிற்று, வாங்குவோர் மனமும் மாறிற்று. போர்ட் பல மாதங்கள் ஆலையை மூடிவைத்துப் புதிய வடிவம் ஒன்றை வகுத்தார். 1927 டிசம்பரில் மக்கள் முன் வந்த அந்த 'மொடல் ஏ', 1932 வரை செய்யப்பட்டது. 40 இலட்சத்துக்கு மேற்பட்டவை வெளிவந்தன. நான்கு உருளை, 40 குதிரைவலு, நான்கு சில்லுகளுக்கும் தடுப்பு, உடைந்தாற் சிதறாத முன்கண்ணாடி. விலையோ 385 டொலர் தொடக்கம்.

அதன் பின்னர் வந்த ஆண்டுகள் அவ்வண்டிக்கு இரக்கங் காட்டவில்லை. பெரும் பொருளாதார மந்தத்திலே வறியவர்கள் அதனைத் தேயத்தேய ஓட்டினர். 1942 இல் போரின் பொருட்டு அமெரிக்காவிற் பொதுமக்களுக்கான மோட்டார்வண்டி உற்பத்தி நிறுத்தப்பட்டபோது, பழையனவற்றுட் பல இரும்புக்காக உருக்குலைக்குச் சென்றன. எஞ்சியவற்றிலும் பலவற்றை, போர் முடிந்தபின் வேகப்பித்துக் கொண்ட இளைஞர்கள் பிரித்து, வேறு எஞ்சின் பூட்டிப் பந்தயவண்டி ஆக்கினர். இத்தனைக்கும் தப்பியவையே இன்று பேணப்படுகின்றன. எண்ணிக்கை மிகுதியாயிருந்தமையே அதற்குத் துணை செய்தது.

பழைய வண்டிகளைப் பேணும் பொழுதுபோக்கும் இதே காலத்திலேதான் உருப்பெற்றது. 1935 இல் பிலடெல்பியாவிலே அமெரிக்கத் தொன்மை மோட்டார்வண்டிக் கழகம் தோன்றியது. 1950 களில் மொடல் ஏ வண்டிக்கென்றே தனிக்கழகங்கள் எழுந்தன. பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரிலே வண்டிகளும் உதிரிப்பாகங்களும் கைமாறும் இலையுதிர்காலச் சந்தை தொடங்கிற்று. மொடல் ஏக்கு வேண்டிய பாகங்களிற் பெரும்பாலானவை இன்று புதிதாகவே செய்து விற்கப்படுகின்றன. முதன்முதலாக இத்துறையில் இறங்குவோருக்கு அனுபவசாலிகள் இவ்வண்டியைச் சுட்டிக்காட்டுவதற்கு அது பெருங் காரணம்.

இன்னொரு காரணம் அதன் எளிமை. எண்ணெய்த்தாங்கி முன்கண்ணாடிக்குக் கீழே உயரத்தில் இருப்பதால், பெற்றோல் தன் பாரத்தினாலேயே எஞ்சினுக்கு இறங்கும். பம்பு என்பதே இல்லை. மொடல் ரியின் மிதிகள் இன்றைய சாரதியைக் குழப்பிவிடும். ஏயின் மிதிகளோ இன்றைய வண்டியினைப் போன்றே அமைந்தவை. ஆனால் கியர் மாற்றும்போது கிளச்சை இருமுறை மிதித்து எஞ்சினின் வேகத்தை ஒத்துவரச் செய்யவேண்டும். இல்லையேற் பற்கள் அலறும். தடுப்புகள் எண்ணெய் அழுத்தத்தால் அன்றி இரும்புக் கோல்களால் இயங்குபவை. இன்றைய நெடுஞ்சாலையில் முன்செல்லும் வண்டி சடுதியில் நின்றால், இது அவ்வளவு விரைவில் நில்லாது. விற்பவர்கள் இதனை வற்புறுத்திச் சொல்வது அரிது.

வாங்குவோர் பெரும்பாலும் ஏமாறுவது வண்ணப் பூச்சிலேதான். மலிவாகக் கிடைத்த சிதைந்த வண்டியை வாங்கிச் சீர்செய்யலாமெனத் தொடங்குவோர், வண்டியின் பெறுமதிக்கு மேலாகச் செலவிட்டுப் பாதியிற் கைவிடுவதும் உண்டு. பளபளப்பாகத் தோன்றுவதை வாங்குவோருக்கோ, பூச்சின்கீழ் துருத் துளைகளைப் பசையால் அடைத்திருக்கும் இடர் காத்திருக்கும். சிறு காந்தமொன்றை மெல்லிய துணியிற் சுற்றி உடலெங்கும் வைத்துப் பார்த்தால், பசை தடித்த இடத்திற் காந்தம் பற்றாது. ஆகவே மங்கிய பழைய பூச்சும், தேய்ந்த ஆசனமும், குறையாத பாகங்களும் கொண்டு ஒழுங்காக ஓடிவந்த வண்டியே தொடக்கக்காரருக்கு ஏற்றது.

கழகங்கள் இவ்வுண்மையை உணர நெடுங்காலம் எடுத்தன. புத்தம்புதிதாக மெருகூட்டிய வண்டிக்கே பல்லாண்டாகப் பரிசு கிடைத்தது. அதற்காக ஆலையில் இட்ட பூச்சும் தையலும் ஈவிரக்கமின்றிச் சுரண்டி எறியப்பட்டன. 1928 இல் அவ்வண்டி எவ்வாறு பூசப்பட்டது, எந்தத் துணியால் மூடப்பட்டது என்பதற்குச் சான்றாய் இருந்தவை அவையே. பின்னரே மூல அம்சங்களைக் காத்த வண்டிகளுக்கெனத் தனி வகுப்பு வகுக்கப்பட்டது. கலிபோர்னியாவின் பெபிள் பீச் கண்காட்சி 1950 இல் தொடங்கியது. மீளமைக்கப்படாத வண்டியொன்று அங்கே தலைசிறந்த வண்டிக்கான பரிசைப் பெற 2024 வரை காத்திருக்க நேர்ந்தது. அது 1934 ஆம் ஆண்டின் புகாட்டி, அமெரிக்க வண்டியன்று.

துல்சாவில் எடுத்த பிளிமத்தைத் துரு நீக்கி மீட்க முயன்றனர். ஓடும் நிலைக்கு அது வரவில்லை. இல்லினோய் மாநிலத்து ரொஸ்கோ ஊரிலுள்ள மோட்டார்வண்டி நூதனசாலை ஒன்று, 2017 இல் அதனை அந்தக் கோலத்திலேயே ஏற்றுக்கொண்டது.